முதலில் பை ஒழுகாமல் நிற்கட்டும்

கேள்வி: சிஸ்டர், எனக்கு 46 வயது. ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்த்து வந்தேன். மலக்குடலில் புற்றுநோய் என்று போன ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. ஆசனவாயை எடுத்து மூடிவிட்டு, வயிற்றின் இடது பக்கம் மலம் வெளியேற நிரந்தரமாக வழி வைத்திருக்கிறார்கள். கீமோவும் முடிந்தது, இனி செக்கப்புக்கு மட்டும் வந்தால் போதும் என்கிறார் டாக்டர். உயிர் பிழைத்துவிட்டேன், ஆனால் வாழ்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை வைத்து மலம் சேருகிற பையை வயிற்றுத் தோலோடு பிடித்துவைக்கும் பிளேட்டை அதே அளவில்தான் இன்னும் வெட்டி ஒட்டுகிறேன். ஒன்றரை நாள்கூட நிற்பதில்லை, ஓரத்தில் ஒழுகுகிறது. சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. டெட்டால் விட்டுத் துடைத்து, எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே பிளாஸ்டர் போட்டு ஒட்டுகிறேன். நாற்றத்துக்குப் பயந்து பஸ் ஏறுவதில்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். உடம்பு வற்றிவிட்டது. ஆவணியில் தங்கை மகள் கல்யாணம். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். சேலை கட்டிக்கொண்டு மண்டபத்தில் நிற்க முடியுமா? கோயிலுக்குப் போகலாமா? கணவர் தனியாகப் படுக்கிறார். காலேஜ் படிக்கும் மகளுக்கு ஆபரேஷன் தெரியும், பை தெரியாது. இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இல்லாத இடத்தில் மலம் முட்டுவது போல் வருகிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கூச்சப்பட்டுக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை மனதில் போட்டுக்கொண்டு எத்தனையோ இரவு தூங்காமல் இருந்திருப்பீர்கள். உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மலக்குடலை எடுத்துவிட்டாலும், அங்கிருந்து சேதி கொண்டுவந்த நரம்புகளும் அதை வாங்கிப் பழகிய மூளையும் அப்படியேதான் இருக்கின்றன. காலை எடுத்தவர்கள் இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். அப்படி வரும்போது சும்மா கொஞ்ச நேரம் கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்தால் பலருக்கு அடங்கிவிடும். நாள் போகப் போகக் குறையும். சிலருக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கும். அது வலியாக மாறினாலோ, தைத்த இடத்தில் கசிவோ ரத்தமோ தெரிந்தாலோ மட்டும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி மற்றவை. பஸ், சாப்பாடு, சேலை, கோயில், கணவர், மகள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு அத்தனைக்கும் அடியில் ஒரே விஷயம்தான் தெரிந்தது. பை ஒழுகுகிறது. ஒழுகுவதால் நாற்றம் பற்றிய பயம், பயத்தால் சாப்பிடுவதில்லை, வெளியே போவதில்லை, பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. “தைரியமாக இரு, மனதைத் திடப்படுத்திக்கொள்” என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். ஒன்றரை நாளைக்கு ஒரு முறை உள்பாவாடை நனைகிற ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பை மூன்று நாள், நான்கு நாள் ஒழுகாமல் நிற்கட்டும். தைரியம் பின்னாலேயே வரும், அதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அதனால் இந்தப் பதிலில் பாதி ஒழுகலைப் பற்றித்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் ஒழுகுகிறது என்பதற்கான விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரிகிற அந்தச் சிவந்த குடல் நுனி, வீங்கி இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்குள் சுருங்கித் தன் சொந்த அளவுக்கு வந்துவிடும். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் வெட்டுவதோ முதல் வாரத்து அளவு. ஓட்டை பெரிதாக, ஸ்டோமா சிறிதாக இருக்கிறது. நடுவில் வளையம் மாதிரி கொஞ்சம் தோல் மூடாமல் நிற்கிறது. மலம் அந்தத் தோலில் பட்டுப் பட்டு வேகிறது. வெந்த தோலில் நீர் கசியும். நீர் கசிகிற தோலில் பிளேட் ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி ஒழுகும். இந்தச் சுற்றில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கை சரியில்லை என்றோ, உங்கள் தோல் ஆகாது என்றோ நினைக்க வேண்டாம்.

பிளேட் டப்பாவில் பல அளவில் வட்டம் வெட்டிய ஓர் அட்டை இருக்கும். இன்றைக்கே அதை எடுத்து ஸ்டோமாவின் மேல் வைத்துப் பாருங்கள். ஸ்டோமாவைச் சுற்றி 2 மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிற வட்டம்தான் உங்கள் அளவு. முழு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், ஒரு கண்ணாடித்தாளை மேலே வைத்து அதன் வடிவத்தையே வரைந்து, அதன்படி வெட்டுங்கள். ஒழுகக் கூடாது என்று அளவுக்கு மீறி இறுக்கமாக வெட்டுவதும் தப்பு. ஸ்டோமாவில் வலி தெரிகிற நரம்பு கிடையாது. பிளேட்டின் ஓரம் அதை அறுத்தால்கூட உங்களுக்குத் தெரியாது, பையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். துடைக்கும்போது துளி ரத்தம் ஒட்டுவது வேறு, அது சாதாரணம். உதட்டின் உட்புறம் போல அது மெல்லிய, ஈரமான சதை.

டெட்டாலை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்பிரிட், வாசனை சோப்பு, முகப்பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். டெட்டால் புண்ணை இன்னும் எரிக்கும். தேங்காய் எண்ணெய் நம் வீட்டில் எல்லாத் தோல் தொல்லைக்கும் கை வைக்கிற மருந்துதான், ஆனால் எண்ணெய் பட்ட தோலில் எந்தப் பசையும் பிடிக்காது. வெறும் தண்ணீரும் மென்மையான பழைய பருத்தித் துணியும் போதும். கழுவுங்கள், ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள்.

புண்ணுக்கு என்ன செய்வது? ஸ்டோமா பவுடர் என்றே தனியாக விற்கிறது. நீர் கசிகிற இடத்தில் மட்டும் அதைத் தூவி, ஒட்டாமல் உதிரியாக இருப்பதைத் தட்டிவிடுங்கள். அதன்மேல் எரியாத வகை, ஆல்கஹால் இல்லாத பாதுகாப்புப் படலத் திரவத்தை லேசாக ஒற்றி உலர விடுங்கள். மறுபடி பவுடர், மறுபடி திரவம். இரண்டு மூன்று முறை செய்தால் புண்ணின்மேல் ஒரு பொருக்கு உண்டாகும், அதன்மேல் பிளேட் பிடிக்கும். கிரீமோ களிம்போ போட்டால் பிடிக்காது. சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெறித்து, நமைச்சலும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். வியர்க்கிற காலத்தில் இது சகஜம். டாக்டரிடம் காட்டி அதற்கான பவுடர் வாங்கிப் போடுங்கள். பேஸ்ட் என்று டியூபில் வருவதைப் பலர் பசை என்று நினைத்து அப்பிவிடுகிறார்கள். அது மேடுபள்ளத்தை நிரப்புவதற்கு மட்டும்தான். அதில் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்திருக்கும், வெந்த தோலில் பட்டால் உயிர் போகும். இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். பள்ளம் இருந்தால் கையால் வளைத்து வைக்கிற வளையம் கிடைக்கிறது, அது எரியாது.

பிளேட் மாற்றக் காலை நேரம்தான் நல்லது. எழுந்ததும், காபி குடிக்கும் முன்பு. வயிற்றில் ஒன்றும் போகாதபோது ஸ்டோமாவும் அமைதியாக இருக்கும். பழைய பிளேட்டை வெடுக்கென்று பிய்க்க வேண்டாம். ஒரு கையால் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஈரப் பஞ்சால் தோலை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே மேலிருந்து கீழே கழற்றுங்கள். கழற்றியதும் தூக்கிப் போடாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பசை கரைந்து மலம் ஊர்ந்திருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். நான்கு முறை பார்த்து நான்கு முறையும் ஒரே பக்கம் என்றால், உங்கள் வயிற்றில் அந்தப் பக்கம் ஒரு மடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். புது பிளேட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, கீழிருந்து மேலாக ஒட்டி, ஐந்து நிமிடமாவது கையை அதன்மேல் அழுத்தி வைத்திருங்கள். உடம்புச் சூட்டில்தான் அந்தப் பசை பிடிக்கும். இந்த ஐந்து நிமிடத்தைப் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மடிப்பு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்பு வற்றிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எடை குறைந்தால் வயிற்றுத் தோல் தொய்ந்து, படுத்திருக்கும்போது தட்டையாக இருக்கிற இடம் உட்கார்ந்ததும் மடிந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்றும், ஸ்டூலில் உட்கார்ந்தும், குனிந்தும் பாருங்கள். ஸ்டோமா உட்காரும்போது தோலுக்குள் அமிழ்ந்தால் உங்களுக்குத் தட்டையான பிளேட் சரிவராது. நடுவில் குவிந்து தோலை அழுத்துகிற பிளேட்டும் இடுப்பு பெல்ட்டும் வேண்டியிருக்கும். இதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காதீர்கள், ஸ்டோமா பராமரிப்புக்கென்றே பயிற்சி பெற்ற ஸ்டோமா நர்ஸ் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

பிளாஸ்டர் மேல் பிளாஸ்டர் போடுவதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், விட்டுவிடுங்கள். ஒழுகலை அது நிறுத்துவதில்லை. வெளியே வர வேண்டிய மலத்தைத் தோலின்மேலேயே தேக்கி வைக்கிறது. பிளேட்டுக்கு அடியில் நமைச்சலோ எரிச்சலோ தெரிந்தால் நடுராத்திரியானாலும் கழற்றிக் கழுவி வேறு ஒட்டுங்கள். ஒரு பிளேட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதத்துக்கு ஆறாத புண்ணை வாங்கிக்கொள்கிறோம். விலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சரியான அளவில் வெட்டினால், ஒன்றரை நாளுக்கு ஒன்று போகிற இடத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒன்றுதான் செலவாகும். வெயில் காலத்தில் வியர்வையால் ஒரு நாள் குறையலாம். பிளேட்டும் பையும் தனித்தனியாக வருகிற வகையை வாங்கினால் பிளேட்டை எடுக்காமல் பையை மட்டும் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலசி மாட்டலாம். ஒரு முறை கழற்றிய பிளேட்டை மட்டும் மறுபடி ஒட்டக் கூடாது.

இந்தப் பையே ஒருவர் உங்களைப் போல வெளியே போகப் பயந்ததால் வந்ததுதான். டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு இதே மாதிரி ஆபரேஷன் ஆயிற்று. அன்றைக்கு இருந்த சாதனங்களில் எப்போது ஒழுகுமோ என்ற பயத்தில் தோரா வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா 1954இல் தோலில் ஒட்டிக்கொள்கிற, பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற பையை யோசித்தார். தயாரித்துத் தர ஆள் கிடைப்பதற்குள் அவர் பட்டபாடு தனிக்கதை. நான் சொல்ல வந்தது, தோராவுக்கு யாரும் தைரியம் சொல்லித் தரவில்லை, ஒழுகாத பை செய்து கொடுத்தார்கள்.

நாற்றம். இப்போது வருகிற பைகளின் படலம் வாசனையை வெளியே விடாது. அதனால் நாற்றம் வர மூன்று வழிதான் உண்டு. பிளேட் ஓரத்தில் ஒழுகுவது, பையைக் காலி செய்துவிட்டு வாய்ப்பகுதியைச் சரியாகத் துடைக்காமல் மடிப்பது, பையில் ஓட்டை இருப்பது. காலி செய்ததும் அந்த நுனியை உள்ளும் புறமும் ஈர டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கிளிப்பைப் போடுங்கள். காற்று ரொம்பிப் பை உப்பினால் ஊசியால் குத்திக் காற்றை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்; நீங்கள் செய்கிறீர்களா என்று எழுதவில்லை, செய்தால் நிறுத்துங்கள். அந்த ஓட்டை காற்றோடு நாற்றத்தையும் நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். கழிப்பறைக்குப் போய்க் கிளிப்பைத் திறந்து காற்றை விடலாம், அல்லது கரி வடிகட்டி வைத்த பை வாங்கலாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். பாதிக்கு மேல் போனால் கனத்தில் பிளேட்டை இழுக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால் அது உங்களால்தான் என்று மனசு சொல்லும். பிளேட் நிற்கிறது, நுனி சுத்தம் என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்த எண்ணம் தானே விலகும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு வேளை சாப்பிடுவதால் மலம் குறையலாம், காற்று குறையாது. காலி வயிற்றில் குடல் இன்னும் அதிகமாக உறுமும். எப்போது வரும் என்கிற ஒழுங்கும் கெட்டுப்போகும். மூன்று வேளையும் ஒரே நேரத்தில், நிதானமாக மென்று சாப்பிட்டால் குடலும் ஒரு நேரத்துக்குப் பழகும். உங்களுக்குச் சாப்பிடக் கூடாதது என்று எதுவுமே இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மொச்சை, கொண்டைக்கடலை, சோடா இவை காற்றைக் கூட்டும். முட்டை, மீன், கருவாடு, பூண்டு இவை பையைத் திறக்கும்போது வாசனையைக் கூட்டும். வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, சாப்பிட்டு ஆறு எட்டு மணி நேரம் கழித்து அதன் பலன் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நாளைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மோரும் தயிரும் பலருக்குக் காற்றையும் வாசனையையும் குறைக்கின்றன. மலம் இறுகினால் தண்ணீர், கீரை, பழம். இளகினால் இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இந்த இடத்தில், வலது பக்கம் சிறுகுடலில் வழி வைத்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. மேலே சொன்ன சாப்பாட்டு விவரம் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குத் தண்ணியாகத்தான் போகும், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இழப்பு இன்னும் கூடும்; உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ் கரைசல் வேண்டும். தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான், வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை இவை அடைத்துக்கொள்ளும். பேதி மாத்திரை உங்களுக்கு ஆகவே ஆகாது. மெதுவாகக் கரைகிற வகை மாத்திரைகள் கரையாமலே பையில் வந்து விழும், அதனால் எந்த மருந்து எழுதினாலும் டாக்டரிடம் ஸ்டோமா இருப்பதைச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய், தலைசுற்றி, சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, கல்யாணம். தாராளமாகச் சேலை கட்டலாம். எதிரி சேலை இல்லை, உள்பாவாடை நாடாதான். அது ஸ்டோமாவின் மேலோ பிளேட்டின் நடுவிலோ இறுக்கினால் மலம் பைக்குள் கீழே இறங்காமல் மேலேயே தேங்கி, பிளேட்டுக்கு அடியில் நுழையும். நாடாவை ஸ்டோமாவிலும் பிளேட்டிலும் படாமல், அதைவிட உயரத்தில் கட்டுங்கள், இல்லையென்றால் நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பை பாவாடைக்கு உள்ளே தொங்கட்டும். பட்டுச் சேலை விறைத்து நிற்கிற துணி, கொசுவத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தால் பாதி நிறைந்த பைகூடத் தெரியாது. உடம்போடு ஒட்டுகிற ஜார்ஜெட்டில்தான் உப்பல் தெரியும். எது எப்படி விழும் என்று சேலை செக்‌ஷனில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு நாள் முழுக்க அதே சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, பந்தியில் சாப்பிடுவது போலத் தரையில் அமர்ந்து பாருங்கள். கைப்பையில், அளவாக முன்பே வெட்டிய ஒரு பிளேட், ஒரு பை, டிஷ்யூ, சின்ன தண்ணீர் பாட்டில், கழற்றியதைக் கட்டிப் போட நாளிதழும் கறுப்பு கவரும், மாற்று உள்பாவாடை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிளேட் மாற்றுங்கள். அன்றைக்கே மாற்றினால் அவசரத்தில் அந்த ஐந்து நிமிடம் போய்விடும். முதல் நாள் ராத்திரியும் கல்யாணத்தன்று காலையும் கொண்டைக்கடலை வேண்டாம், விருந்தை நன்றாகவே சாப்பிடுங்கள். அது வேலையைக் காட்டும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

கோயிலுக்குப் போங்கள். சுத்தமாகக் கழுவி மூடிய பை அது. எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் உங்களிடமும் இருக்கிறது. குளிப்பதற்கும் தடை இல்லை, பையோடும் குளிக்கலாம், மாற்றுகிற நாளில் பை இல்லாமலும் குளிக்கலாம். தண்ணீர் ஸ்டோமாவுக்குள் போய் எதுவும் செய்யாது.

கணவர் தனியாகப் படுப்பதாக ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவர் ஒதுக்குகிறார் என்று எழுதவில்லை, அதைக் கவனித்தேன். என்னிடம் வருகிற கணவர்கள் வெளியில் நின்று தாழ்ந்த குரலில் கேட்பது பெரும்பாலும் “பக்கத்தில் படுத்தால் அதில் அடிபட்டுவிடுமா?” என்பதுதான். அடிபடாது. நீங்கள் இருவரும் அணைத்துக்கொள்வதால் ஸ்டோமாவுக்கு ஒன்றும் ஆகாது. பையைக் காலி செய்துவிட்டு, சுருட்டி, அகலமான பருத்திப் பட்டையால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். உறவைப் பொறுத்தவரை, மலக்குடல் ஆபரேஷனும் கதிர்வீச்சும் பெண்களுக்கு வறட்சியையும் சிலருக்கு இறுக்கத்தையும் வலியையும் தரும். அது உங்கள் ஆசையின் குறை கிடையாது, உடம்பில் நடந்த மாற்றம். வழுக்குத்தன்மை தரும் ஜெல், வலி குறைவாக இருக்கும் நிலைகள், தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவரிடம் சிகிச்சை என்று வழிகள் உண்டு. ஆண்களுக்கும் இதே ஆபரேஷனுக்குப் பிறகு விறைப்பில் சிக்கல் வரலாம், அதற்கும் மருத்துவம் உண்டு. முதலில் ஒரு நாள் பிளேட் மாற்றும்போது அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பார்க்காதவரைதான் அது பயங்கரமாகத் தோன்றும்.

மகளிடமும் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அவளுக்குப் பாதி தெரியும், மீதியைக் கற்பனையில் நிரப்பிக்கொண்டிருப்பாள். கற்பனை உண்மையைவிட மோசமாக இருக்கும். அதோடு உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் பை மாற்ற வீட்டில் இன்னொரு கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோல் ஆறி, பை நிற்க ஆரம்பித்ததும், அறுவை சிகிச்சை டாக்டர் சரி என்றால் திரும்பிப் போகலாம். கனமான சேலைக் கட்டுகளைத் தூக்குவது மட்டும் வேண்டாம். ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும் அபாயம் உங்களுக்கு எப்போதும் உண்டு. இருமும்போதுகூடக் கையால் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்ற உங்களைப் போன்றவர்களுக்காக வந்த சட்டம் அது. உட்காரக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கடையில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை, கழிப்பறைக்குப் போய்வர நேரம் வேண்டும் என்பதற்காக மேற்பார்வையாளர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொரு வழியும் உங்களுக்கு இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்களுடையது போல இடது பக்கம் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த ஸ்டோமாவுக்கு, கூம்பு நுனி வைத்த குழாய் வழியாக அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வெதுவெதுப்பான, குடிக்கத் தகுந்த நீரை மெதுவாக ஏற்றிக் குடலை ஒரேயடியாகக் காலி செய்யப் பழகலாம். தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் முக்கால் மணியோ ஒரு மணி நேரமோ ஆகும். குடல் பழகிவிட்டால் அடுத்த முறை வரை பெரும்பாலும் ஒன்றும் வராது, பைக்குப் பதில் ஒரு சிறு மூடி போதும். எல்லோருக்கும் ஒத்துவராது. குடல் பிதுக்கம் இருந்தால் கூடாது, சிறுகுடல் ஸ்டோமாவுக்கு அறவே கூடாது. டாக்டர் அனுமதித்து, நர்ஸ் கூட இருந்து கற்றுக்கொடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். வீடியோ பார்த்து நீங்களே செய்யாதீர்கள். ஒழுங்கு பிடிபடச் சில வாரம் ஆகும். ஆவணிக்குள் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டோமா கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், ஒரு நாளாக ஒன்றுமே வராமல் வயிறு உப்பி வாந்தியும் வந்தால், குடல் திடீரென்று நீளமாக வெளியே வந்து உள்ளே போகாவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஸ்டோமா நர்ஸ் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. மும்பையில், ஸ்டோமா வைத்தவர்களுக்கான இந்திய ஆஸ்டமி சங்கமும் இருக்கிறது. ஒரு முறை நேரில் காட்டினால் போதும், மீதியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். போகும்போது இப்போது பயன்படுத்துகிற பிளேட்டும் பையும் டப்பாவோடு, மாற்று ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகக் கழற்றிய நான்கைந்து பிளேட்டின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். நர்ஸ் உங்களை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் பார்த்துவிட்டு, அந்தப் படங்களையும் பார்த்தால் உங்களுக்கு எந்த பிளேட் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடுவார்.